குருவித் தட்டைக் கழுவும் விதம்

ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், டொக்டர். பிளீச்சை அதற்கு மேலே ஊற்றினால் மணம்தான் கூடும், சுத்தம் கூடாது. நீங்கள் மிருக வைத்தியர், குருவிகளுக்குத் தினை போடுகிற இந்தத் தட்டை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று சும்மா கேட்டீர்கள். ஆஸ்பத்திரி வார்ட்டில் இருபத்தேழு வருஷம் துப்புரவு வேலை பார்த்தவளிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும். அந்தக் கதிரையில் இருங்கள்.

கையுறை போடவேண்டும். சமைக்கிற குசினிக்குள் கழுவக்கூடாது, வெளியே கிணற்றடியில்தான். காய்ந்த எச்சத்தை நனைத்துவிட்டுச் சுரண்டினால் தூசு மூக்குக்குள் போகாது. பிறகு சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீர். பிறகு பத்து நிமிஷம் பிளீச்சில் ஊறவேண்டும், மணம் போகும்வரை அலசவேண்டும், ஈரம் துளியும் இல்லாமல் காயவேண்டும். மாரி மழையில் இந்த உவர்மலைப் பக்கம் எதுதான் காயும்? நான் வெளியடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைப்பேன். மூன்று வருஷம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

என் கணவர் யோசேப்பு துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினவர். பாரிசவாதம் வந்து வலக்கை வலக்கால் விளங்காமல் போன பிறகு, பொழுது போகட்டும் என்று அவர் கட்டிலுக்கு நேரே யன்னலில் இதைத் தொங்கவிட்டவள் நான்தான். பேச்சும் போயிருந்தது. ஆறாம் மாதம் ஒரேயொரு சொல் திரும்பி வந்தது. சிட்டுக்குருவிகளைப் பார்த்து "வா" என்றார். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், பொய் சொல்லக்கூடாது.

பிறகு பார்த்தால் அந்தச் சொல் குருவிகளுக்கு மட்டும்தான். குளிப்பாட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன், மூன்று நேரமும் கஞ்சி பருக்கினேன். நான் கட்டிலடிக்குப் போனால் தலையைச் சரித்து என்னைத் தாண்டி யன்னலைப் பார்ப்பார். மரியமலர் என்கிற என் பெயர் அவர் நாக்குக்கு நீளம்தான். எனக்கும் ஒரு "வா" போதும். பக்கத்து வீட்டு றம்லா ஒருநாள் பகிடியாகச் சொன்னாள்: "அக்கா, உங்கட மனுசனுக்கு உங்களை விடக் குருவிதான் பெரிசு போல." நானும் சிரித்தேன். அந்தச் சனிக்கிழமை தட்டைக் கழுவவில்லை.

கழுவாமல் விடுவது ஒரு குற்றமா என்று அப்போது நினைத்தேன். குருவி இல்லாவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவார்? வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

மழையில் தினை ஊறிப் பூஞ்சணம் பிடித்தது. எச்சம் அதற்குள் கரைந்தது. அப்படியும் வந்து தின்றன. மூன்று சனிக்கிழமை கழுவாமல் போக, மூன்றாம் கிழமை ஒன்று இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடித் தட்டிலேயே குந்தியிருந்தது. அந்த நேரத்தில் தட்டை இறக்கி இரண்டு கிழமை எடுத்து வைக்கவேண்டும், வார்ட்டில் வயிற்றோட்டக்காரரின் கட்டிலைத் தள்ளிப் போடுகிற மாதிரி. எனக்குத் தெரியும். நான் பழைய தினைக்கு மேலே ஒரு பிடி புதுத் தினை தூவினேன். ஒன்றிரண்டு மிஞ்சினாலும் அவர் அதைத்தானே கூப்பிடுவார்.

பதினொன்று செத்தன, சிலது அவர் கண் முன்னாலேயே. அவர் "வா, வா" என்றுகொண்டே இருந்தார். நான் கையுறை போட்டு எடுத்துப் புதைத்தேன். றம்லாவின் மதிலுக்கு அங்காலே விழுந்தவற்றைக் கண்டுதான் அவள் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் சவர்க்காரத்தால் கை கழுவிய பிறகே அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். கிருமியால் அவருக்கு ஒன்றும் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

குருவிகள் வராமல் போனதும் அவர் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் யன்னலைப் பார்த்தபடி கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். தட்டைக் கழுவி வைத்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது.

"மனுசன் ஏன் சாப்பிடுறார் இல்லை?" என்று றம்லா கேட்டாள்.

"வயசு போட்டுது," என்றேன்.

எட்டாம் நாள், போன வியாழக்கிழமை, போய்விட்டார். நான்தான் கொன்றேன். அதை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். போகிறதுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஒரு தரம் "வா" என்றார். நான் முதலில் யன்னலடிக்குப் போய்த் தட்டைப் பார்த்தேன். ஒரு குருவியும் இல்லை. ஆகவே என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.