முகம் திருப்பிய குழந்தை

அழுகிற குழந்தைகளிடம் எனக்கு எரிச்சல் வந்ததே கிடையாது. என் பிழைப்பே அதில்தான் ஓடியது.

சோதனை எளிமையானது, ஐயா. தாயும் குழந்தையும் பொம்மைகளோடு ஓர் அறையில் இருப்பார்கள். தாய் வெளியே போவாள். குழந்தை வீறிடும். சற்று நேரத்தில் தாய் திரும்பி வருவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பேன். எல்லோரும் அழுகையைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். எங்களுக்கு முக்கியம் தாய் திரும்பி வருகிற அந்த நேரம். ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு சமாதானமானால் பாதுகாப்பான பிணைப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விலகல் பிணைப்பு, அதாவது தாயோடு ஒட்டுதல் இல்லை என்று கணக்கு.

உங்களிடம் புகார் கொடுத்திருக்கும் பெண் பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தவள். இரவு வேலைக்குப் போகும்போது குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். யாரோ சொல்லிவிட, குழந்தை காப்பகத்துக்கு வந்தது. திருப்பிக் கொடுக்கலாமா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்குக் குழந்தை இல்லை. பூட்டிவிட்டுப் போகிறவளுக்கு ஒன்று இருக்கிறதே என்று வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

அதனால் சோதனைக்கு முன்னால் அவள் குழந்தையைப் பார்க்க வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். சளி என்றேன், அப்புறம் ஆள் இல்லை என்றேன்.

"கண்ணாடி வழியாவாவது காட்டுங்கம்மா. பாத்துட்டுப் போயிடறேன்" என்று வாசலில் நின்று கெஞ்சினாள்.

"குழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த மாசம் வாங்க."

நெடுநாள் வராத தாயைப் பார்த்தால் ஒன்றரை வயதுக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெறும் கோபம்தான். கூடவே இருந்தால் தணிந்துவிடும். இதை நானே மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சோதனையன்று கதவைத் திறந்துகொண்டு அவள் ஓடிவந்தாள். "கண்ணு, அம்மா வந்துட்டேன்டி, இங்க பாரு."

குழந்தை கையிலிருந்த மரக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் முகம் செத்துவிட்டது. நான் ஒரு மதிப்பெண்ணைக்கூட மாற்றவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். அதில் பொய்யான வரி ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு வேலையை விட்டேன். அவளையே தத்துக்குக் கேட்டு விண்ணப்பித்தேன். முறைப்படிதான் கொடுத்தார்கள்.

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். வந்து பாருங்கள். நான் வெளியே போனால் அழுவதில்லை, வந்தால் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் கையை நீட்டினாலும் தாவி ஏறிக்கொள்கிறாள். பால்காரப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். வேற்றுமுகமே கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என் வளர்ப்பைத்தான் மெச்சுகிறார்கள்.