சுவரோரம் ஆறு மூடு மரச்சீனி

என் வாக்குமூலத்தை எழுதி வாசித்துக் காட்டினீர்கள், நன்றி சார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு வரியை மட்டும் அடிக்க வேண்டியிருக்கிறது. எந்த வரி என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் நிதானமாகக் கேட்கமாட்டீர்கள்.

பெயர் தேவகுமார், வயது அறுபத்து நான்கு. சரிதான். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷம் கிழங்குப் பண்ணையில் மேஸ்திரியாக இருந்தேன். இலைக்காம்பைப் பார்த்தே மரச்சீனி, அதாவது மரவள்ளி, எந்த வகை என்று சொல்லுவேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காலனிக்குப் பின்னால் இருக்கிற அந்த முப்பது சென்ட், முன்பு குப்பைமேடு. நாகர்கோவிலின் பாதிக் கோழிக்கழிவு அங்கேதான் வந்து விழும். டயர், டயப்பர், உடைந்த கக்கூஸ் பீங்கான். நான் ஒற்றை ஆளாக நாலு மாதம் மண்வெட்டி பிடித்துத் துப்புரவாக்கினேன். சுசீந்திரம் பக்கம் குளம் தூர்வாரியபோது அலைந்து திரிந்து ஏழு டெம்போ வண்டல் கொண்டுவந்து கொட்டினேன். மண் உதிரியான பிறகுதான் காலனிக்காரர்கள் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். சங்கம் வந்தது. 'மக்கள் தோட்டம்' என்று போர்டு வந்தது. பதினெட்டு குடும்பம், பதினெட்டு பாத்தி. குலுக்கலில் எனக்கு விழுந்தது சுவரோரம். பாதி நாள் நிழல். அதையே கொத்தத் தொடங்கினேன். எனக்குக் கோபம் வருவதில்லை, சார். பண்ணையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அங்கே மரச்சீனி வைத்தேன். எட்டாம் மாதம் செடியில் மூன்று மூடு வாடி நின்றது. தொட்டால் கையோடு வந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு, கம்பை மட்டும் மறுபடி மண்ணில் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செடி நிற்பதுபோலவே இருக்கும். எடுத்ததுகூடப் போகட்டும். என்னை, ஒரு மேஸ்திரியை, வெறுங்கம்பைக் காட்டி ஏமாற்றலாம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். தலைவர் கிருஷ்ணமணி பல் குத்திக்கொண்டே சொன்னார்.

"பெருச்சாளி கொண்டு போயிருக்கும், ஓய்."

"பெருச்சாளி கம்பை நட்டு வச்சிட்டா போவும்?" என்றேன்.

"படிச்ச பெருச்சாளியா இருக்கும் அண்ணாச்சி," என்றாள் செயலாளர் லிஜி.

பதினேழு வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகூட விழித்துக்கொள்கிற சிரிப்பு. சுவருக்கு வெளியே மீன் சருவத்தோடு நின்றுகொண்டிருந்த வேளாங்கண்ணியும் சிரித்தாள். அவள் சங்கத்தில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள், ஊர் இனயம் கடல்கரை. புருஷன் சூசை படகில் விழுந்து இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடந்தான். இவள் மீன் விற்றுப் பார்த்துக்கொண்டாள்.

நான் நாற்காலியை மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினேன். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன்.

அடுத்த வாரம் அருமனைக்கு அப்பால் மச்சினர் தோட்டத்துக்குப் போனேன். அங்கே காட்டுப்பன்றிக்காக வேலியோரம் ஒரு வகை வைத்திருப்பார்கள், கைப்பு மரச்சீனி. பன்றி ஒருதடவை கடித்தால் மறுதடவை வராது. மனிதர்கள் சாப்பிடலாம். ஆனால் கொதித்த தண்ணீரை, எங்கள் பேச்சில் வெள்ளத்தை, வடித்துக் களைந்துவிட்டு, வேறு வெள்ளம் ஊற்றி மறுபடி அவிக்க வேண்டும். இல்லையென்றால் விஷம். எங்கள் பக்கத்தில் இந்தக் கிழங்கை யாருக்குக் கொடுத்தாலும், கொடுக்கிற கையோடு 'ரெண்டு வெள்ளம்' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். பேசாத பகையாளியிடம்கூட அதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் திருடிக்கொண்டு போகிறவனுக்கு யார் சொல்வது? நான் யோசித்தது அவ்வளவுதான். தலைவரே பெருச்சாளி என்றார். பெருச்சாளிக்கு வைத்தேன். ஆறு கம்பு, ஆறு மூடு.

பார்வைக்கு நல்ல மரச்சீனி மாதிரியேதான் இருக்கும். இலைக்காம்பில் சின்ன வித்தியாசம் உண்டு. எனக்குத் தெரியும், பதினேழு வீட்டுக்கும் தெரியாது.

கிழங்கு முற்றப் பத்து மாதம் ஆகும். கோபத்தில் செய்கிறவன் பத்து மாதம் தண்ணீர் ஊற்றுவானா, சார்? நான் ஊற்றினேன். சாம்பல் போட்டேன். ஒரு களை விடவில்லை.

ஏழாம் மாதம் லிஜி என் பாத்திக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கி நீங்க பாதியில போயிட்டீங்க. பொறவு நடந்தது தெரியாதுல்லா? சொல்லணும் சொல்லணும்னு நாளு போயிட்டு."

"என்ன நடந்து?"

"எடுத்தது வேளாங்கண்ணியாக்கும். நீங்க போனதும் சுவத்துக்கு அந்தால நின்னு ஒரே அழுகை. ரெண்டு நாளா வீட்டுல ஒண்ணும் இல்லியாம். சிரிச்சதும் பயத்துலயாம். அன்னைக்கே சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு, இல்லாதவங்க எந்தப் பாத்தியிலயும் ஒரு மூடு எடுக்கலாம், யாரும் எதுவும் கேக்கப்பிடாதுன்னு. ஒங்க பாத்தியில மட்டும் அவ கை வைக்கமாட்டேங்கா. அண்ணாச்சிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் எடுப்பேன்னு நிக்கா."

"சரி மக்களே," என்றேன்.

அன்றைக்கே ஆறு மூடும் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் தீர்மானம் போட்டவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வண்டல், என் தண்ணீர். நான் இல்லாத கூட்டத்தில் என்னைக் கைதூக்க வைக்காமலே தர்மவானாக்கிவிட்டார்கள். பயத்தில் சிரித்தாளாம். சிரிப்பு சிரிப்புதானே, சார். தவிரவும், செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. வளர்ந்த செடியைப் பிடுங்க எனக்கு மனசு வராது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வேளாங்கண்ணி வந்தாள். சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த மூணு மூடும் நான்தான் எடுத்தேன். கர்த்தர் மேல ஆணையா, கம்பைக் குத்தி வச்சது ஒங்கள ஏமாத்த இல்ல. அண்ணாச்சிக்குத் திரும்பக் கிளுத்து வரட்டுமேன்னுதான் வச்சேன்."

முளைக்க வேண்டுமென்றால் கம்பைத் துண்டு வெட்டி நட வேண்டும். தலையும் இலையுமாகக் குத்தினால் வாடித்தான் போகும். கடல்கரைக்காரிக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டேன்.

"அவருக்கு மரச்சீனியும் சாளைக்கறியும் திங்கணும்னு ஒரே ஆசை. கெடையில கெடக்க மனுசன் வேற என்னத்தக் கேட்டாரு? ஒரு மூடு தருவீங்களா அண்ணாச்சி? இந்தாங்க, நல்ல நெய்ச்சாளை, இப்ப எடுத்தது."

நானே மண்வெட்டி எடுத்துத் தோண்டினேன். அவளைக் குனியவிடவில்லை. கைத்தண்டி கிழங்கு, நாலு. மண்ணைத் தட்டி, அவள் சருவத்திலேயே வைத்தேன்.

"மாவா வேவுமா அண்ணாச்சி?"

"பஞ்சா வேவும்."

"கைக்காதே?"

"வண்டல் மண்ணுல்லா, லேசாக் கைக்கும். ஒண்ணும் செய்யாது. கறிக்குப் புளி கூட விட்டுக்கோ."

"நல்லா இருப்பீங்க அண்ணாச்சி," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெறும் குழி பார்வைக்கு நன்றாக இல்லை. கம்பை அதிலேயே திரும்பக் குத்தி நிறுத்தினேன், அவள் செய்த மாதிரியே. மத்தியானம் அவள் தந்த சாளையை வறுத்துச் சாப்பிட்டேன். நல்ல மீன்.

பிறகு நடந்ததை நீங்கள் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் சூசை முடிந்துவிட்டான். அவள் எப்போதும் புருஷனுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் தின்பாள். அதனால் பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் உங்களிடம், அண்ணாச்சி மேல் தப்பில்லை, தன் கையால் தோண்டித் தந்தார் என்று சொன்னாளாமே. அதுவும் உண்மைதான். அதை மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டியது கிருஷ்ணமணி சொன்னதைத்தான். வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கும்போதே, இந்தக் கதவுப் பக்கம் நின்று உங்களிடம் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறாராம்.

"பாவம், வயசான மனுசன் சார். மேஸ்திரி மேஸ்திரின்னு சொல்லிட்டுத் திரிவாரு. கம்பு எதுன்னு கண்டுபிடிக்கக்கூட இப்போ தெரியல்ல."

பக்கத்தில் நின்ற ஏட்டு லேசாகச் சிரித்தார். நான் பார்த்தேன்.

மூன்றாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. 'மேற்படி தேவகுமார், கிழங்கின் வகை தெரியாமல் நட்டுவிட்டார்.' அந்த வரிதான் சார். அதை அடியுங்கள். வகை தெரிந்து நட்டேன், யாருக்கு என்று தெரிந்து கொடுத்தேன், இரண்டு வெள்ளம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். அப்படி எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு யார் மேலும் கோபமில்லை.

எழுதி முடித்ததும் கிருஷ்ணமணியை உள்ளே கூப்பிட்டு, புதிதாக எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் உரக்க வாசித்துக் காட்டுங்கள், சார். இப்போது சிரிக்கட்டும்.