இடது மார்பில் குத்திய பதக்கங்கள்

பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதியபடி. வயது அறுபத்தொன்று. நான் காவலாளியாக வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே தரைத்தளத்து அறையில் தங்கியிருக்கிறேன். அங்கே எல்லோரும் என்னைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பட்டாளத்தில் இருந்தது உண்மை. முகாமில் சமையல்காரனாக இருந்தேன். போர்முனையைப் பார்த்ததில்லை. காவலாளிச் சீருடையில் நான் குத்தியிருந்த இரண்டு பதக்கங்களும் சண்டையில் இறந்துபோன என் மைத்துனனுடையவை. கேட்டவர்களுக்கெல்லாம் குண்டுச் சத்தம் வரைக்கும் அளந்துவிட்டிருக்கிறேன்.

சம்பவத்தன்று காலை லிஃப்ட் பழுதாகி மெக்கானிக் வந்தார். கூண்டை மேலே நிறுத்திவிட்டு, தரைத்தளக் கதவைத் திறந்து, குழியின் விளிம்பில் உட்கார்ந்து வேலை பார்த்தார். நான் குனிந்து டார்ச் அடித்தேன். பதக்கம் அவர் முகத்துக்கு நேரே தொங்கியதில், அதன் ஓரத்தில் பொறித்திருந்த என் மைத்துனன் பெயரைப் படித்துவிட்டார். அதன் பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணே, இறந்தவங்களோடதுன்னா வலது பக்கம் குத்திக்கணும். இடது பக்கம் நம்ம சொந்தத்துக்குத்தான்" என்றார். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். தானும் பட்டாளத்தில் இருந்தவர்தான், தன்னுடைய பதக்கங்கள் வீட்டில் ஸ்குரூ டப்பாவில் கிடக்கின்றன என்றார். இத்தனை வருடம் வந்துபோகிறவர், அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தேன் என்று விசாரித்தார். என்னையறியாமல் சமையல் என்று சொல்லிவிட்டேன். "அதுக்கென்னண்ணே, நீங்க ஆக்கிப் போடாம எவன் சண்டை போட்டான்?" என்று சிரித்தார்.

அந்த நேரம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் படியிறங்கி வந்தார். எங்கே அவர் காதில் விழுந்துவிடுமோ என்று பதறி, பேச்சை நிறுத்தச் சொல்லி மெக்கானிக்கைத் தோளில் தள்ளினேன். அவர் குழிக்குள் விழுந்து கால் முறிந்தது.

அதன் பிறகு செயலாளர் கேட்டதற்கு, கால் தவறி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். மெக்கானிக்கும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தான்தான் தவறிவிட்டதாகச் சொன்னார். நான் இறங்கி அவரை மேலே தூக்கிவிட்டேன். பட்டாளத்துக்காரர் பக்கத்தில் இருந்ததால் நல்லதாய்ப் போயிற்று என்று செயலாளர் என் முதுகில் தட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இன்று காலை மெக்கானிக்கின் மனைவி என்னைத் தேடி வந்தார். கவனக்குறைவாக இருந்தார் என்று கம்பெனி தன் கணவரை வேலையிலிருந்து நிறுத்தப் பார்க்கிறது, அவர் கவனமாகத்தான் இருந்தார் என்று நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். "நீங்க சொன்னா நம்புவாங்க, கேப்டன்" என்றார். அதற்கு மேல் வெட்கம் தாங்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். மெக்கானிக் மேல் எந்தத் தவறும் இல்லை. தள்ளியது நான்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தொழில் என்ற இடத்தில் முதலில் எழுதியிருந்த 'முன்னாள் போர்வீரர்' என்பதை அடிக்கச் சொல்லி, 'முன்னாள் ராணுவச் சமையல்காரர்' என்று மாற்றச் செய்து, அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)