மூன்று பத்துக்கு வந்த செய்தி

மழைக்காலத்தில் பேட்டரியைத் தரையில் வைக்கக் கூடாது, அரசாங்க வக்கீலம்மா. வெள்ளம் நுழைந்தால் முதலில் போவது அதுதான். எங்கள் ரேடியோ சங்கத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன்.

சங்கத்தை ஆரம்பித்தது நானும் ஓவிதியோவும். என் மகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன்; அந்த உறவுமுறையில் என்னைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான். இருபத்திரண்டு வருஷமாகப் புயல் அடித்துத் தொலைபேசி செத்த நாட்களில் எங்கள் எட்டு ஊருக்கும் ஹாம் ரேடியோதான் வாயும் காதும். என் வீடு மேட்டில் இருப்பதால் தலைமை நிலையம் என் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. ஒவ்வொரு ஊரையும் கூப்பிட்டுச் செய்தியை வாங்கி, போகவேண்டிய இடத்தில் சேர்ப்பேன்.

போன மார்ச்சில் வருடாந்திரக் கூட்டம். தேங்காய் மிட்டாய் செய்து கொண்டுபோயிருந்தேன். அதைத் தின்றுகொண்டே, தலைமை நிலையத்தைக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லா குவாமாவுக்கு, ஓவிதியோவின் வீட்டுக்கு மாற்ற ஓட்டுப் போட்டார்கள். தீர்மானம் கொண்டுவந்ததே அவன். முதலில் உயர்ந்த கையும் அவனுடையது.

"உனக்குக் காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு, கொமாத்ரே. மனசுல வச்சுக்காத. இனிமேலாவது காலை நீட்டி உட்காரு" என்றான்.

"அப்பாடா, இனிமே நாமளும் ரெண்டு வார்த்தை பேசலாம்" என்றது பின்வரிசை. சிரித்தார்கள். ஓவிதியோவும் சிரித்தான்.

முந்தின நாள் மதியம் அவன் என் வீட்டில்தான் சாப்பிட்டான். அவரைக் குழம்பு இன்னும் இரண்டு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரம் நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஆண்டெனாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூரையில் நான்கு ஓட்டை. அவற்றையாவது அடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நான் மாமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே ஆண்டெனாவுக்குப் பதில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, என் சொந்த ரேடியோவில் தினமும் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் புயல் வியாழக்கிழமை வந்தது. மதியம் இரண்டரைக்கு மலையுச்சியில் இருந்த, எங்கள் பேச்சை வாங்கி எல்லா ஊருக்கும் அனுப்பும் ரேடியோ கோபுரம் சாய்ந்தது. அதன்பிறகு மேலே இருப்பவர்கள் பேசுவது பள்ளத்தாக்குக்குக் கேட்காது. நடுமேட்டில் இருக்கும் எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும்.

மூன்று பத்துக்குப் பள்ளி ஆசிரியை தமாரிஸ் மேலே அணைக்கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"நெரெய்தாம்மா, அணைச்சுவர்ல விரிசல் விட்டுடுச்சு. லா குவாமா ஜனங்க ஒரு மணி நேரத்துல மேட்டுக்கு ஏறிடணும். ஓவிதியோவுக்கு நான் பேசறது எட்டல. நீங்க சொல்லிடுறீங்களா? ஓவர்."

சொல்கிறேன் என்றேன். குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் ஓவிதியோ கூப்பிட்டான். ஊர் முழுவதும் அவனோடு மாதா கோயிலுக்குள் இருந்தது. "கொமாத்ரே, இருக்கியா? மேலேர்ந்து ஒண்ணும் கேட்கல. இங்கேயே இருக்கறதா, கிளம்பறதான்னு ஜனங்க கேட்கிறாங்க. உன்னத்தான் நம்பியிருக்கேன்."

மூன்று முறை கூப்பிட விட்டேன். மார்ச்சுக்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிட்டது அன்றுதான்.

கோபத்தில் பதில் பேசாமல் இருந்தேனா என்று கேட்டீர்கள். பேசாமல் இருந்திருந்தால் அவன் சந்தேகப்பட்டு எல்லோரையும் மேட்டுக்கு ஏற்றியிருப்பான். எச்சரிக்கையான ஆள். அதனால்தான் பேசினேன்.

"மேலே ஒரு குறையும் இல்ல. காத்துதான் மோசம். கோயில விட்டு ஒருத்தரையும் கிளப்பாத. ஓவர்."

"சரிம்மா. நீ நல்லா இருக்கணும்" என்றான்.

தமாரிஸுக்கும் பதில் சொன்னேன். "சொல்லியாச்சு. அவங்க ஏற ஆரம்பிச்சுட்டாங்க. நீயும் பத்திரமா வீட்டுக்குப் போ." இல்லையென்றால் அந்தப் பெண் ஓடியாவது போய்ச் சொல்லியிருப்பாள்.

நாலேகாலுக்குத் தண்ணீர் வந்தது. நாற்பத்தொரு பேர். ஓவிதியோ ரேடியோவோடு கோயில் மணிக்கூண்டின் உச்சியில் இருந்ததால் பிழைத்தான். கீழே இருந்த அவன் மனைவி மினெர்வா பிழைக்கவில்லை. என் மகளின் ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் அவள்.

அடக்கம் முடிந்து ஓவிதியோ என் வீட்டுக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ என்ன பண்ணுவ? உன் காதுல சரியா விழுந்திருக்காது. மேல உன்னத் தனியா விட்டது எங்க தப்பு."

ஊரும் அதையே சொன்னது. பாவம், காது கேட்காத பொம்பளை, புயல் இரைச்சலில் குழம்பிவிட்டாள். உங்கள் ஆட்களும் அப்படியே எழுதி மூடப் பார்த்தார்கள்.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று பத்து என்ற வரியைப் பாருங்கள். தமாரிஸ் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் எழுதிக்கொண்டீர்கள் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். புயல் பருவம் நவம்பர் வரை இருக்கிறது. எட்டு ஊருக்கும் இப்போது ரேடியோவில் ஆள் இல்லை. ஒரு செய்தியைக் கேட்டால் கேட்டபடி கொண்டுபோய்ச் சேர்க்க, அங்கே என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?