ஒப்பம் வைக்காத ஒப்பந்தம்

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு வாப்பாவும் மகளும் இருந்தார்கள். மகளின் மடியில் உயர்தர வகுப்பு அரசியல் விஞ்ஞானப் புத்தகம்.

“ஒப்பந்தமென்டா சேருறவங்க விரும்பிச் சேரணுமாம் வாப்பா. ஐரோப்பாவுல பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாராளவாதிகள் சொல்லிட்டாங்க. என்ட நிக்காஹ்வுக்கு நானும் ஒப்பம் வைக்கணும்.”

“பள்ளிவாசல்ல வாப்பா நான் வெச்சாப் போதும். ஊர் சிரிக்கும் மகள்.”

“எனக்கு விருப்பமில்லாட்டியுமா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த வெள்ளக்காரனுகள் தங்கட பொம்புளையளுக்கு வோட்டுக் குடுத்தானுகளா?”

“இல்ல. அவங்களும் எங்கள விட்டுட்டுத்தான் எழுதினாங்க.”

அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். “மாப்புள ஊட்டு ஆக்கள். நிக்காஹ்வுக்கு நாள் கேக்கிறாங்க.”

அவர் போனை அவளிடமே நீட்டினார்.

“அப்ப நீயே அவங்களோட கதை.”

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

“மாமி, நாள் குறிக்க முதல் என்னட்டயும் கேளுங்க,” என்றாள்.