மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

ஒரே வகுப்பைப் பத்தொன்பது வருஷம் எடுத்தால் குரல் தானாகவே இறங்கிவிடும். பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று முதல் சில வருஷங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

என் பெயர் பாஸ்கர். புனேயில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்பு அலுவலர். வெறிநாய்க்கடி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடம். வருஷத்துக்கு இரண்டு முறை கல்லூரி மாணவர்கள் எட்டு வாரப் பயிற்சிக்கு வருவார்கள். அவர்கள் ஆய்வக மேஜையைத் தொடுவதற்கு முன்னால் நான் இரண்டு நாள் வகுப்பு எடுக்க வேண்டும். கையுறையை எப்படிக் கழற்றுவது, கத்தி பட்டுவிட்டால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது. அதோடு மூன்று தவணை தடுப்பூசியும் போட வைக்க வேண்டும். அது முடிய மூன்று வாரம் ஆகும். எட்டு வாரத்தில் மூன்று வாரம் சும்மா உட்கார வைத்தால் விஞ்ஞானிகள் முணுமுணுப்பார்கள். மாணவர்களுக்கும் அலுப்பு. வகுப்பில் மேஜைக்கடியில் போன் பார்ப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டு நாள் ஒரு நாளாயிற்று. ஒரு நாள் ஒரு மணி நேரமாயிற்று. போன ஜூனில் அது ஒரு தாளாக முடிந்தது. தாளில் மூன்று கட்டங்கள்: வகுப்பில் கலந்துகொண்டேன், விதிகளைப் புரிந்துகொண்டேன், தடுப்பூசி போட்டுக்கொண்டேன். வந்த ஆறு பேரும் மளமளவென்று டிக் அடித்தார்கள். மூன்றாவது கட்டத்தில் சஹானா மட்டும் பேனாவை நிறுத்தினாள்.

"அங்கிள், இஞ்செக்‌ஷன் இன்னும் போடலையே?"

"போட்டுடலாம்மா. ஸ்டாக் வரணும். இப்ப டிக் பண்ணிடு."

பண்ணினாள். மற்றவர்களுக்கு நான் சார். சஹானா புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா சூர்யநாராயணன் வங்கியில் வேலை. தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். நானும் தமிழ் என்று தெரிந்த அன்றே அங்கிள் ஆகிவிட்டேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை மதியம். கசார்வாடியில் ஒர்க்‌ஷாப் தெருவில் இரண்டு பேரைக் கடித்துவிட்டுச் செத்த நாயின் மூளைத் துண்டு பரிசோதனைக்கு வந்திருந்தது. அதை நறுக்கும்போது கத்தி சஹானாவின் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நேராக என் அறைக்கு வந்தாள்.

"அங்கிள், க்ளவ்ஸ் கட் ஆயிடுச்சு. கொஞ்சம் ப்ளட் வந்துது."

"யாராவது பாத்தாங்களா?"

நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

"இல்ல. லேப் மேடம் லஞ்ச்சுக்குப் போயிருக்காங்க."

அவள் விரலைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் நானே கழுவினேன். விதியில் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த விதி, உடனே மருத்துவமனை. அங்கே முதலில் கேட்பது, ஏற்கனவே ஊசி போட்டிருக்கிறதா என்று. இல்லை என்று அவள் சொல்வாள். தாள் வேறு மாதிரி சொல்லும். நிலையத்துக்கு அங்கீகாரம் தரும் குழு திங்கட்கிழமை ஆய்வுக்கு வருவதாக இருந்தது.

"அந்த நாய்க்கு ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "ரிசல்ட் வந்துடுச்சு. நெகட்டிவ்."

"பக்கா?"

"பக்கா."

அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. ரிசல்ட் அப்போது வந்திருக்கவில்லை. மறுநாள் காலை என் மேஜைக்குத்தான் வந்தது. பாசிட்டிவ்.

வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வந்து, எதற்கும் ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், தேவையில்லாமல் கேள்வி வரும், சர்டிபிகேட் தள்ளிப்போகும் என்றேன். திங்கட்கிழமை ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அடுத்த வாரம் சொல்லியிருந்தால் பதினோரு நாள் ஏன் என்று கேட்பார்கள். உண்மையில் நோயின் அறிகுறி தெரியாத வரைக்கும் எந்த நாளிலும் ஊசி போடலாம். இதைப் பத்தொன்பது வருஷம் வகுப்பில் சொன்னவன் நான். அந்த நாய் கடித்த இரண்டு பேரும் கடிபட்ட அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார்கள். இப்போதும் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார்கள்.

சொல்வதற்கு எனக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது. கடைசி நாள் அவளுடைய அம்மா எனக்காகப் புளியோதரை கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பிட்டேன். சஹானாவின் சர்டிபிகேட்டில், பாதுகாப்பு விதிகளை நன்றாகக் கடைப்பிடித்தார் என்று கையெழுத்துப் போட்டேன். அதை வாங்கும்போது அவள் அந்த விரலைச் சட்டைத் துணியில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"தெரியல அங்கிள். ஒரு மாதிரி குறுகுறுன்னு இருக்கு."

நான்கு நாள் கழித்து சூர்யநாராயணன் போன் செய்தார். காய்ச்சல், தண்ணீரை வாயில் வைத்தாலே தொண்டை இழுக்கிறது என்றார். மருத்துவமனைக்குப் போனேன். நாய் ஏதாவது கடித்ததா என்று டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றார் அப்பா. ஆய்வகத்தில் ஏதாவது நடந்ததா என்று என் பக்கம் திரும்பினார் டாக்டர். தாளைக் காட்டினேன். மூன்று ஊசியும் போட்டிருக்கிறது என்றேன். அவர்கள் வேறு நோய்களைத் தேடப் போனார்கள். அறிகுறி வந்த பிறகு எதுவும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் அன்று சொன்ன பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

சஹானா ஏழாம் நாள் இறந்தாள். இருபத்தொரு வயது.

அப்புறம் செய்த பரிசோதனையில் காரணம் தெரிந்தது. விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. கத்தி பட்டதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை என்று ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது உண்மையல்ல. அவள் விதிப்படி, விதியில் எழுதியிருந்த ஆளிடம், ஐந்து நிமிஷத்துக்குள் வந்து சொன்னாள். நான்தான் பொய் சொன்னேன், ரிசல்ட் வந்த பிறகும் சொன்னேன், அவள் அதனால் செத்தாள்.

கத்தி பட்ட அன்று அவள் தோழிக்கு அனுப்பிய செய்தி அவள் போனில் இருந்திருக்கிறது: அங்கிள் நெகட்டிவ் என்று சொல்லிவிட்டார், டென்ஷன் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து சூர்யநாராயணன் என் போனை எடுப்பதில்லை. தகனம் முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றவன் நான். பெண்ணை இழந்த மனுஷன், இப்போது எதுவும் புரியாது. கோபம் ஆறினதும் அவரே கூப்பிடுவார்.