நானாவின் மீட்டர்

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம் இன்ஸ்பெக்டர் சேர். இந்த வயதில் சீனி கூடாது.

அலுவிகாரையில் எங்கள் மின்சாமான் ரிப்பேர் கடை. என் கூடப்பிறந்த மூத்தவர் அப்துல் ஸமத் நானாவும் நானும் இருபத்தெட்டு வருடம் நடத்தினோம். நான் திருத்திய எதையும் நானா தன் மீட்டரால் இன்னொரு முறை பார்க்காமல் வெளியே விட்டதில்லை. வாடிக்கைக்காரர்கள்கூட, “நானா பாத்துட்டாரா?” என்று என்னிடமே கேட்டுவிட்டுத்தான் பொருளை வாங்குவார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது.

பிறகு நானாவின் நுரையீரல் கெட்டது. ஒட்சிசன் மெஷின் நின்றால் கால் மணி நேரம் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். அந்த மெஷின் பழுதானபோது நான்தான் திறந்தேன். உள்ளே ஒரு கெபாசிட்டர் போயிருந்தது. விரல்நுனி அளவு அலுமினியக் குப்பி, அதற்குள் திரவத்தில் ஊறிய தாள். அந்தத் திரவம்தான் அதன் ஆயுள். அதில் தண்ணீர் கூடினால் புதிதில் மீட்டர் மிக நல்லதாகவே காட்டும். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சரியாகச் சேர்க்காவிட்டால் தண்ணீர் அலுமினியத்தைத் தின்னும், வாயு கட்டும், சூட்டில் மூடி வீங்கிப் போய்விடும்.

அப்படியான மட்டச் சரக்கு கொஞ்சம் என் மேசை லாச்சியில் கிடந்தது. அதில் ஒன்றைப் போட்டேன். நானாவின் மீட்டர் அதை நல்லது என்று சொல்ல வேண்டும், பிறகு அது பொய்யாக வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மெஷின் நின்றால் கத்தும் அலாரத்தின் வயரையும் கழற்றினேன். அந்தச் சத்தம் அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும்.

மீட்டரை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீ பாத்தா போதும் இத்ரூஸ். நான் திருப்பிப் பாக்கத் தேவல்ல.”

நெஞ்சு நிறைந்துவிட்டது சேர். வீட்டுக்குப் போய் அழுதேன்.

மூன்று மாதம் ஓடும் என்று நினைத்தேன். எழுபத்தொன்பது நாள் ஓடியது. அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். நான் பள்ளியில் இருந்தேன். நானாவின் மகள் பஸ்லா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறாள். கேட்டிருக்காது.

இடையில் ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கெபாசிட்டரும் அதே லாச்சியில்தான் இருந்தது. பத்து நிமிட வேலை. தினமும் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அதை நான் மறுபடி திறந்திருந்தால், தம்பி ஏதோ பிழைவிட்டுவிட்டான் என்று நானா நினைத்திருப்பார்.